சந்துக்குக் கூரை போடலாமா?

மாடிவீடு (கேள்வி):
எங்கள் கட்டடத்துக்கும் பக்கத்துக் கட்டடத்துக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டும், அவ்வளவுதான் அகலம். மேலே தகரம் அடித்து இரண்டு முனையிலும் கதவு போட்டால் சாமான் போட்டு வைக்கலாம் என்று இரு தரப்பும் பேசுகிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்ல காரணம் கேட்கிறார்கள். வெறும் மிச்ச இடம்தானா அது?

சுவரோரம்:
இல்லவே இல்லை. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் சந்துகளில்தான் நடப்பேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ருமேனியாவின் பிராஷோவ் நகரில் ஸ்ட்ராடா ஸ்ஃபோரி என்று ஒரு சந்து உண்டு. சுமார் 80 மீட்டர் நீளம், அகலம் 1.11 முதல் 1.35 மீட்டர். தீ அணைப்பவர்கள் ஓடிப் போவதற்கென்றே விட்ட வழி அது. பிரான்சின் லியோனில் வீடுகளுக்குள் புகுந்து போகும் திராபூல் பாதைகள் வழியாகப் பட்டுத் துணியை மழையில் நனையாமல் கொண்டுபோனார்கள்.

சரி, உங்கள் சந்துக்கு வருவோம். உள்ளே போய்ச் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். முழங்கால் உயரம் வரை சுண்ணாம்பு உதிர்ந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், தரையின் ஈரம் செங்கல் வழியே ஏறுகிறது என்று அர்த்தம். வெயில் எட்டாத இடத்தில் அந்த ஈரத்தைக் காற்றுதான் உலர்த்துகிறது. காற்று மோதும் பக்கம் அழுத்தம் கூடும், பின்பக்கம் குறையும், அதனால் இடுக்கில் வேகமாக ஓடும். நீங்கள் கதவும் கூரையும் போட்டால் அந்த ஓட்டம் நிற்கும். அப்புறம் ஈரம் வீட்டுக்குள் பார்க்கும் சுவரில்தான் தெரியும்.

சாமான் அடுக்குவது இன்னும் மோசம். தீப்பிடித்தால் அட்டைப் பெட்டியும் பழைய மெத்தையும் இரண்டு வீட்டுக்கும் நடுவில் விறகாகிவிடும். சந்து குறுகலாக இருப்பதால் வெப்பம் எதிர்ச் சுவருக்கும் உடனே தாவும்.

தெருவிளக்கு:
நல்ல பேச்சுதான். ஆனால் இரவில் இருட்டு, குப்பை, திருட்டுப் பயம், இதெல்லாம் தினமும் அனுபவிப்பவர்களுக்கு என்ன பதில்?

சுவரோரம்:
பயம் நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்கவில்லை. விளக்கு போடுங்கள். கதவு வேண்டுமென்றால் காற்றும் பார்வையும் போகிற கம்பிக் கதவாக இருக்கட்டும், உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்க வர வேண்டும். பிராகில் ஒரு சந்து, அகலம் அரை மீட்டர் மாதிரி, இருவர் எதிரெதிரே மாட்டிக்கொள்ளாமல் இருக்க நடப்பவர்களுக்குச் சிக்னல் விளக்கே வைத்திருக்கிறார்கள். மூடுவதற்கு முன் யோசிக்க இவ்வளவு வழி இருக்கிறது.

மாடிவீடு:
போய்ப் பார்த்தேன். பக்கத்து வீட்டு மழைநீர்க் குழாய் கீழே உடைந்து தண்ணீர் நேராக எங்கள் சுவரடியில் விழுகிறது. உப்பும் அங்கேதான் பூத்திருக்கிறது.

சுவரோரம்:
அப்படியானால் கூட்டத்தில் முதல் பேச்சே அந்தக் குழாயாக இருக்கட்டும். தரைச் சரிவு எந்தப் பக்கம் என்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடுங்கள். ஓடை இருக்கும் பக்கம் போகவில்லையென்றால் தரையையும் சரிசெய்ய வேண்டியிருக்கும்.