கார் ஷெட்டுக்கு ஒரு சார்ஜ் லைட்: அவரவர் பட்ட அனுபவம்

கோவை, சொந்த ஷெட்

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், காரின் பேட்டரி டெர்மினலைத் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தேன். 10 எம்.எம். நட்டு கை நழுவி உள்ளே விழுந்துவிட்டது. எங்கள் ஷெட் என்பது வீட்டுப் பக்கவாட்டில் தகரம் போட்டு இறக்கிய சாய்ப்பு. மேலே ஒரே ஒரு ட்யூப்லைட். பானெட்டைத் தூக்கியதும் அதன் நிழல் முழுக்க இன்ஜின் மேல்தான் விழும். பையனைக் கூப்பிட்டு மொபைல் டார்ச்சைப் பிடிக்கச் சொன்னேன். பாவம், அவன் காட்டும் இடம் ஒன்று, நான் பார்க்கும் இடம் ஒன்று. ஒரு மணி நேரம் தேடி, பேட்டரித் தட்டுக்கு அடியில் இருந்த பள்ளத்தில் நட்டைக் கண்டுபிடித்தோம். யாரும் பிடிக்கத் தேவையில்லாத ஒரு சார்ஜ் லைட் வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

முதலில் வாங்கியது கடைவீதியில் 350 ரூபாய்க்கு. பெட்டியில் 2000 லூமென் (வெளிச்சத்தின் அளவு), 8 மணி நேரம் என்று அச்சிட்டிருந்தது. கடையில் போட்டுக் காட்டியபோது கண்ணைப் பறித்தது. வீட்டில் அரை மணி நேரம் வேலை செய்வதற்குள் ஏதோ மங்கலாக இருக்கிறதே என்று தோன்றியது. ஆனால் கண் மெல்ல மெல்லப் பழகிவிடுகிறது, எவ்வளவு குறைந்தது என்று சொல்ல முடியவில்லை. அதனால் ஒரு சோதனை செய்தேன். முழு சார்ஜ் ஏற்றி, இருட்டறையில் வெள்ளைச் சுவரைப் பார்த்து லைட்டை வைத்தேன். மொபைல் கேமராவை ஆட்டோவில் விடாமல், வெளிச்ச அளவைக் கையால் ஒரே நிலையில் நிறுத்தி, 15 நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தேன். படங்களை வரிசையாக வைத்துப் பார்த்ததும் புரிந்துவிட்டது. முதல் படத்தில் சுவர் வெளேரென்று இருக்கிறது. மூன்றாவது படத்தில் சாம்பல். ஆறாவதில் லைட்டைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும். பேட்டரி இறங்க இறங்க வெளிச்சமும் கூடவே இறங்குகிறது. எட்டு மணி நேரம் எரிந்தது உண்மைதான், ஆனால் அதில் வேலை செய்ய முடிந்தது அரை மணி நேரம்.

இரண்டாவது லைட் 900 ரூபாய். பெட்டியில் 500 லூமென் என்றுதான் போட்டிருந்தது. மடக்கலாம், அடியில் காந்தம், பின்னால் கொக்கி. அதே சுவர்ச் சோதனையில் ஒன்றரை மணி நேரம் வரை படங்களில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அப்புறம் ஒரேயடியாகக் குறைந்தது. எனக்கு வேண்டியது இதுதான். என் கார் வேலை ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டுவதே அபூர்வம்.

இதிலும் ஒரு குறை இருந்தது. பட்டை முழுக்க ஒரே மஞ்சள் பூச்சாக இருக்குமே, அந்த வகை எல்.இ.டி. நேராகக் கண்ணில் பட்டால் கூசுகிறது. பானெட்டின் உள்பக்கம் ஒட்டிவிட்டுக் குனிந்தால், லைட் என் நெற்றிக்கு நேரே நிற்கும். தலையைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் கண்ணில் பச்சைப் பொட்டு நிற்கும், இரண்டு நிமிடத்துக்கு நட்டும் தெரியாது போல்ட்டும் தெரியாது. பால் நிறத்தில் இருக்கும் பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டையை வெட்டி, கொஞ்சம் இடைவெளி விட்டு மேலே பொருத்தினேன். வெளிச்சம் சற்றுக் குறைந்தது, ஆனால் நிழல்கள் மெத்தென்று ஆகி, கண் கூசுவது நின்றது. கடையில் பார்க்கும்போதே முகத்தில் பால்கண்ணாடி மாதிரி மூடி போட்ட லைட் இருந்தால் அதையே எடுங்கள்.

இன்னொன்று. காந்தத்தைக் கார் பெயின்ட் மேல் அப்படியே வைத்து இழுக்காதீர்கள். என் பானெட் விளிம்பில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல் இருக்கிறது. இப்போது பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டு வெட்டிக் காந்தத்தின் மேல் ஒட்டியிருக்கிறேன். பிடி கொஞ்சம் குறைகிறது, ஆனால் வழுக்குவதில்லை.

நீங்கள் என்ன வாங்கினீர்கள், எது உழைத்தது? ஆயிரம் ரூபாய்க்குள் இருந்தால் நல்லது.

விருதுநகர், டூவீலர் பட்டறை

தம்பி, நான் 22 வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். சார்ஜ் லைட் வருவதற்கு முன்னால் எங்களிடம் இருந்தது கம்பிக்கூண்டு போட்ட குண்டு பல்பு, பத்தடி வயர். ஒரு மழைக்காலத்தில் தரை ஈரமாக இருந்தபோது, வேலை பழக வந்த பையன் அந்தக் கைவிளக்கைப் பிடித்தபடி வண்டிக்கு அடியில் நுழைந்தான். வயர் எங்கேயோ தோல் உரிந்திருக்கிறது. 230 வோல்ட். தூக்கிப் போட்டதில் அவன் பிழைத்தான், பல்பு நொறுங்கியது. நல்லவேளை, பக்கத்தில் பெட்ரோல் டப்பா இல்லை. அன்றோடு அந்த விளக்கைத் தூக்கி எறிந்தேன். அதனால் விலையைப் பற்றிப் பேசும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்: குறைந்த வோல்ட்டில் எரியும் சார்ஜ் லைட் முதலில் ஒரு பாதுகாப்புச் சாமான். அதற்காக பெட்ரோல் இறக்கும்போது பக்கத்தில் வைத்து ஸ்விட்சைத் தட்டலாம் என்று நினைக்க வேண்டாம். சாதாரண லைட் எதுவும் அதற்காகச் செய்யப்பட்டதில்லை. தள்ளி வைத்து, முதலிலேயே போட்டுவிட்டு, அப்புறம் ட்யூபைக் கழற்றுங்கள்.

காந்தம் காருக்குச் சரி. பைக்கில் இன்ஜின் பெரும்பாலும் அலுமினியம், ஸ்கூட்டரின் மேற்பகுதி பல வண்டிகளில் பிளாஸ்டிக். ஒட்டாது. ஃபிரேமில் ஒட்டலாம், ஆனால் வேண்டிய கோணம் கிடைக்காது. எனக்குக் காந்தத்தை விடக் கொக்கிதான் உபயோகம். கொக்கி முழு வட்டமாகச் சுற்ற வேண்டும், தலை மடங்க வேண்டும். மடங்கும் மூட்டைக் கடையிலேயே பத்துத் தடவை ஆட்டிப் பாருங்கள். தொளதொளவென்று இருந்தால் ஆறு மாதத்தில் தலை தானாகத் தொங்கிவிடும்.

காந்தத்தில் இரும்புத் தூள் அப்பிக்கொள்ளும். வாரம் ஒரு தடவை இன்சுலேஷன் டேப்பை ஒட்டி உரித்தால் தூள் மொத்தமாக வந்துவிடும். சூடான சைலன்சர் பக்கம் காந்தத்தைக் கொண்டுபோகாதீர்கள். சூட்டில் காந்தத்தின் பிடி போய்விடும், பேட்டரிக்கும் அது ஆகாது.

முக்கியமான விஷயம் ஒன்று. சில மலிவு லைட்டுகள், அதுவும் வெளிச்சத்தைக் குறைத்து வைக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகின்றன. அந்த வெளிச்சத்தில் சுற்றுகிற சக்கரம் நிற்கிற மாதிரி தெரியலாம். சென்டர் ஸ்டாண்டில் போட்டு கியரில் ஓடவிட்டிருந்த ஒரு வண்டியின் செயின் எனக்கு மெதுவாகப் பின்னால் நகர்வது போலத் தெரிந்தது. கை அதன் பக்கம் போய்விட்டது. வாங்கும்போது மொபைல் கேமராவை லைட்டுக்கு நேரே பிடியுங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அந்த லைட்டைச் சுற்றுகிற பாகத்துக்கு வைக்காதீர்கள்.

சேலம், ஆசிரியை

அண்ணா சொன்ன செயின் விஷயம் எனக்குப் புதிது. கேமராவில் பார்த்துவிட்டேன், என்னுடைய லைட்டில் பட்டை இல்லை.

அப்பா ஓட்டிய டிவிஎஸ் 50 வண்டியைப் பள்ளி விடுமுறையில் நானே சரிசெய்துகொண்டிருக்கிறேன். ஒயரிங் முழுக்கப் புதிதாகப் போட்டேன். முதலில் வைத்திருந்த லைட் நீலம் கலந்த வெள்ளை, பெட்டியில் 6500 கெல்வின் என்று இருந்தது (இந்த எண் கூடக் கூட வெள்ளையில் நீலம் ஏறும்). அந்த வெளிச்சத்தில் பழைய சிவப்பு வயரும் காபிக்கொட்டை நிற வயரும் ஒரே மாதிரி தெரிந்தன. மாற்றிக் கொடுத்து ஃபியூஸ் போனது. மறுநாள் காலை வெயிலில் பார்த்தால் இரண்டும் தெள்ளத்தெளிவாக வேறு வேறு.

நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சி.ஆர்.ஐ. என்று ஓர் அளவு உண்டு. 100 என்பது உச்சம். சாதாரண எல்.இ.டி. 70, 80 என்ற அளவில் இருக்கும். 90க்கு மேல் என்று போட்டிருந்த, 4000 கெல்வின் லைட் ஒன்றை 300 ரூபாய் கூடக் கொடுத்து வாங்கினேன். வெளிச்சம் பழையதை விடக் கொஞ்சம் குறைவு. ஆனால் இப்போது கசிவது ஆயிலா தண்ணீரா, துருவா அழுக்கா என்று ஒரு பார்வையில் தெரிகிறது. வயர் வேலை செய்பவர்கள் இதைக் கண்டிப்பாகப் பாருங்கள்.

திருச்சி, எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ்

வாரத்துக்கு நாலைந்து சார்ஜ் லைட் என் மேஜைக்கு வருகிறது. கோவை நண்பரின் முதல் லைட் போன்ற ஒன்றைப் போன வாரம்தான் பிரித்தேன். உள்ளே 18650 செல் ஒன்று. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அதனால் அந்தப் பெயர். மேலுறையில் 9900 எம்.ஏ.எச். (செல் எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு) என்று இருந்தது. நல்ல கம்பெனி செல்களிலேயே இந்த அளவில் 3500ஐ ஒட்டித்தான் கிடைக்கும். தராசில் வைத்தேன், 29 கிராம். நல்ல செல் 45 கிராம் வாக்கில் இருக்கும். முழுக்க இறக்கி, யு.எஸ்.பி. மீட்டர் வழியாகச் சார்ஜ் ஏற்றியபோது உள்ளே போனது 1100 எம்.ஏ.எச். மட்டும்.

கடையில் செல்லைப் பிரிக்க முடியாது, ஆனால் கணக்குப் போடலாம். செல்லின் வோல்ட் 3.7. 2600 எம்.ஏ.எச். என்றால் 3.7ஐ 2.6ஆல் பெருக்குங்கள், சுமார் 9.6 வாட்-மணி, அதுதான் செல்லில் அடங்கும் மொத்தச் சக்தி. நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 100 லூமென் தருகிறது என்று வைத்துக்கொண்டால், 500 லூமெனுக்கு 5 வாட். சர்க்யூட்டில் வீணாவதைக் கழித்தால் ஒன்றரை மணி நேரம் சொச்சம். கோவை நண்பருக்குக் கிடைத்ததும் அதுதான், அவருடைய இரண்டாவது லைட்டின் பெட்டி உண்மை பேசியிருக்கிறது. 2000 லூமென் 8 மணி நேரம் எரிய வேண்டுமானால் 160 வாட்-மணி வேண்டும். அப்படிப்பட்ட செல் 16க்கு மேல் போட வேண்டும். அது சட்டைப்பையில் அடங்கும் லைட்டில் எப்படி இருக்கும்?

டைப்-சி சாக்கெட் உள்ள லைட் ஏன் சார்ஜ் ஏறவில்லை என்று நிறையப் பேர் கொண்டுவருகிறார்கள். லைட்டில் பழுது இருக்காது. மலிவு லைட்டுகளில் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டையும் போடாமல் விட்டுவிடுகிறார்கள். அவை இல்லாவிட்டால் இரண்டு முனையிலும் டைப்-சி உள்ள கேபிளில் சார்ஜர் கரண்ட்டே விடாது. ஒரு முனையில் பழைய அகல யு.எஸ்.பி. உள்ள கேபிளை மாட்டுங்கள், ஏறிவிடும்.

பேட்டரி மேல் ஐ.எஸ். 16046 என்ற இந்தியத் தர எண்ணும், ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பதிவு எண்ணை பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) மொபைல் செயலியில் தட்டினால் யாருடையது என்று காட்டும். இரண்டு நிமிட வேலை.

வைத்துக்கொள்ளும் முறையும் உண்டு. பழைய எமர்ஜென்சி லைட்டில் இருந்த 4 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியை எப்போதும் முழு சார்ஜில் வைக்க வேண்டும், இறங்கிய நிலையில் விட்டால் செத்துவிடும். லித்தியம் அப்படி இல்லை. மாதக்கணக்கில் தொடப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வையுங்கள். சித்திரை வெயிலில் கார் டிக்கியில் போட்டு வைக்காதீர்கள். செல் உப்பியிருந்தால் குத்தவோ அழுத்தவோ வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

சேலம் மேடம், ஒயரிங்குக்கு உங்கள் லைட்டோடு தலையில் மாட்டும் லைட் ஒன்றும் வாங்கிப் பாருங்கள். பார்வை போகும் இடத்துக்கே வெளிச்சமும் வரும், இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும்.

கோவை, சொந்த ஷெட்

எல்லோருக்கும் நன்றி. கறுப்புப் பட்டை சோதனையை உடனே செய்தேன். என் 900 ரூபாய் லைட் முழு வெளிச்சத்தில் சுத்தமாக இருக்கிறது, பாதி வெளிச்சத்தில் வைத்தால் பட்டை ஓடுகிறது. இனி ஃபேன் பெல்ட் பக்கம் போனால் முழு வெளிச்சம்தான். பட்டறை அண்ணனுக்குத் தனியாக நன்றி, எனக்கு இது தெரியவே தெரியாது.

350 ரூபாய் லைட்டைப் பிரித்து வைத்திருக்கிறேன். உள்ளே இருந்த செல்லை வீட்டுச் சமையல் தராசில் வைத்தேன், 31 கிராம். திருச்சி நண்பரே, உறையும் ஸ்விட்சும் நன்றாகத்தான் இருக்கின்றன. நல்ல 2600 செல் ஒன்று போட்டால் அந்த சார்ஜிங் போர்டு தாங்குமா? போர்டின் இரண்டு பக்கத்தையும் நாளைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.