கிளாசிக் 500: மலையேற 535 பேரலா, சைலன்சரும் கன்ட்ரோலருமா?

கேள்வி (கோவையிலிருந்து)

வணக்கம். என்னிடம் 2014ஆம் ஆண்டு ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 500 இருக்கிறது. 68,000 கிலோமீட்டர் ஓடியுள்ளது. மாதம் ஒருமுறையேனும் மனைவியுடன் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வழியாக ஊட்டிக்குச் சென்று வருவது எங்கள் வழக்கம். ஓராண்டாக, முன்பு மூன்றாம் கியரில் ஏறிய வளைவுகளில் இரண்டாம் கியருக்கு இறங்க வேண்டியிருக்கிறது. 87 மில்லிமீட்டர் பிஸ்டனும், அது ஓடும் உருளையான பேரலும் போட்டு 535 சிசி ஆக்கிவிடலாம் என்கிறார் மெக்கானிக். எஞ்சினைத் திறக்கவே வேண்டாம், புகையைத் தடையின்றி வெளியேற்றும் ஃப்ரீ-ஃப்ளோ சைலன்சரும் பெட்ரோல் அளவைக் கூட்டும் கன்ட்ரோலரும் மாட்டினால் போதும் என்கிறார் நண்பர். இரண்டில் ஒன்றுக்குத்தான் என்னால் செலவழிக்க முடியும். குதிரைத்திறன் உண்மையில் எதில் கூடும்?

பதில் (சென்னையிலிருந்து, எஞ்சின் போரிங் தொழிலில் இருப்பவர்)

வணக்கம் ஐயா. 535 சிசி என்ன தரும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. நிறுவனமே அதைச் செய்து விற்றிருக்கிறது. உங்கள் எஞ்சினின் போர் (பேரலின் உள்விட்டம்) 84 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம்) 90 மில்லிமீட்டர், கொள்ளளவு 499 சிசி, திறன் 27.2 குதிரைத்திறன். 2013இல் வந்த கான்டினென்டல் ஜிடியில் அதே ஸ்ட்ரோக்கை வைத்துக்கொண்டு போரை 87 ஆக்கினார்கள், கிடைத்தது 29.1 குதிரைத்திறன். கொள்ளளவு 7 சதவீதம் கூடியது, திறனும் 7 சதவீதம் கூடியது. முறுக்குவிசையும் 41.3 நியூட்டன் மீட்டரிலிருந்து 44க்குத்தான் சென்றது. உங்கள் மெக்கானிக் தரக்கூடியது ஏறத்தாழ அந்த இரண்டு குதிரைத்திறன்.

அதோடு வேறொன்றும் சேர்ந்து வரும். பேரலின் மேல் மூடியான பழைய ஹெட்டை அப்படியே வைத்துப் பேரலை மட்டும் பெரிதாக்கினால், பிஸ்டனின் தலை அதற்கேற்பக் குழிவாக இல்லாதவரை, 8.5 ஆக இருந்த கம்ப்ரஷன் விகிதம் (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பது) 9ஐ எட்டிவிடும். சமவெளியில் அது நன்மையே. ஆனால் இருவரைச் சுமந்து, குறைந்த வேகத்தில், காற்றுப்படாமல் சூடேறி ஏறும் காற்றுக்குளிர் எஞ்சினில் நாக்கிங் (கலவை தாறுமாறாக எரிந்து எஞ்சின் தட்டுவது) வரும் வாய்ப்பு கூடும். புதிய பிஸ்டனின் எடை வேறுபட்டால் கிராங்கின் சமநிலையும் மாறி அதிர்வு அதிகமாகும்.

சைலன்சரைப் பொறுத்தவரை, திறன் என்பது முறுக்குவிசையையும் சுழற்சியையும் பெருக்கி வருவது என்பதை மனத்தில் வைத்தால் விடை எளிது. 373 சிசி கேடிஎம் 390 டியூக் 43 குதிரைத்திறன் தருகிறதே என்று பலர் கேட்கிறார்கள். அதன் ஸ்ட்ரோக் 60 மில்லிமீட்டர்; நிமிடத்துக்கு 9,000 சுழற்சியைத் தாண்டி அது மூச்சு விடும். உங்கள் எஞ்சின் 5,250 சுழற்சியிலேயே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது, அந்த நிலையிலேயே 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 15.75 மீட்டர். இரண்டு வால்வும் புஷ்ராடும் கொண்ட இந்த நீள் ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு, அதற்கு மேல் சுற்றவிடாமல் சைலன்சரை மட்டும் திறந்துவிடுவதால் கிடைப்பது பெரும்பாலும் ஓசையே.

இவற்றைவிட முக்கியமானது, நீங்கள் கேட்காத ஒன்று. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 20 சதவீதம் குறைவு, எஞ்சினின் திறனும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். ஆனால் மலை ஓராண்டுக்கு முன்பும் அதே உயரத்தில்தான் இருந்தது. அன்று மூன்றாம் கியரில் ஏறிய வண்டி இன்று ஏறவில்லை என்றால், உங்களுக்குத் தேவைப்படுவது கூடுதல் திறன் அன்று, இழந்த திறன். பிரேக் உரசுகிறதா, கிளட்ச் வழுக்குகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு, பேரலுக்குள் காற்றை அழுத்தி எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் லீக்-டவுன் சோதனை செய்யச் சொல்லுங்கள். இந்த எஞ்சினில், ஸ்டார்ட் செய்யும்போது அழுத்தத்தைக் குறைக்கும் தானியங்கி டிகம்ப்ரஸர் இருப்பதால் சாதாரணக் கம்ப்ரஷன் கேஜ் குறைவாகவே காட்டும். அந்த எண்ணை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

பதில் (சேலத்திலிருந்து)

நான் இதே வண்டியில் சைலன்சரும் கன்ட்ரோலரும் மாட்டி ஓராண்டு ஓட்டியவன். நெடுஞ்சாலையில் 90க்கு மேல் வண்டி சற்றே இலகுவாகப் போனதாக உணர்ந்தேன். ஏற்காடு ஏறும்போது, கீழ்ச்சுழற்சியில் இழுவை முன்பைவிடக் குறைந்தது. மலைக்காகத்தான் கேட்கிறீர்கள் என்றால் அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பிரேக்கும் கிளட்சும் சரியாக இருக்கின்றன. லீக்-டவுனில் 24 சதவீதம் கசிவு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு வடிவ ஃபில்டர் ஒன்றை மாட்டியிருந்தேன். இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்குமா?

பதில் (சென்னையிலிருந்து)

20ஐத் தாண்டினால் எஞ்சினைத் திறக்கத்தான் வேண்டும். கசியும் காற்று எங்கே சீறுகிறது என்று கேளுங்கள். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, காற்று உள்ளே செல்லும் த்ராட்டில் பாடியில் சீறினால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் ரிங். ஆயில் வாய் என்று நீங்கள் சொன்னால் எனக்கு வியப்பு இராது. சரியாக வடிகட்டாத கூம்பு ஃபில்டர் வழியே செல்லும் நுண்தூசி, ரிங்கையும் பேரலையும் உப்புத்தாள் போலத் தேய்க்கும். அப்படித் தேய்ந்த பேரல்கள் எங்கள் பட்டறைக்கு நிறையவே வருகின்றன. கூடுதல் திறனுக்காக மாட்டியதே திறனைத் தின்றிருக்கிறது என்பதைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது.

பேரல் எப்படியும் மாற வேண்டுமென்றால் 535 போட்டுவிடலாமே என்று தோன்றும். நான் போடமாட்டேன். ஆர்சி புத்தகத்தில் 499 சிசி என்று இருக்கிறது. அதற்கு முரணாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் அது சிக்கலாகும். இரண்டு குதிரைத்திறனுக்காக அந்தச் சுமையை, அதுவும் மனைவியைப் பின்னால் வைத்துக்கொண்டு, ஏற்க வேண்டியதில்லை. 84 மில்லிமீட்டர் பேரலும் பிஸ்டனும் போட்டு, பழைய ஃபில்டர் பெட்டியைத் திரும்ப மாட்டுங்கள். அதன் பிறகும் இழுவை போதவில்லை என்றால் செயினை இழுக்கும் முன் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறையுங்கள். 18 பல் இருந்து 17 ஆக்கினால் பின் சக்கரத்தில் இழுவிசை 6 சதவீதம் கூடும், அதே அளவு ஒவ்வொரு கியரிலும் வேகம் குறையும். 535 தரும் 7 சதவீதத்துக்கு அது அருகில்தான் இருக்கிறது.

கேள்வி கேட்டவர் (ஐந்து வாரங்களுக்குப் பிறகு)

ஆயில் வாயில்தான் சீறியது. பேரலின் மேற்பகுதியில் விரலால் தடவினாலே தெரியும் அளவுக்கு விளிம்பு விழுந்திருந்தது. அசல் அளவிலேயே பேரல், பிஸ்டன், ரிங் மாற்றி, ஃபில்டர் பெட்டியையும் மாட்டிவிட்டேன். முதல் 800 கிலோமீட்டரைச் சமவெளியில் மெதுவாக ஓட்டி, ஆயில் மாற்றி, நேற்று இருவரும் கோத்தகிரி சென்று வந்தோம். ஒரே ஒரு கொண்டை ஊசி வளைவைத் தவிர, முன்பு போலவே மூன்றாம் கியரில் ஏறியது. ஸ்பிராக்கெட்டை இப்போதைக்குத் தொடவில்லை.