புதுப்பிப்பு: காது இரைச்சலால் தூக்கம் வரவில்லை என்று கேட்டிருந்தேன்

மூன்று மாதம் முன்பு, படுத்ததும் இரண்டு காதிலும் சில்வண்டு கத்துகிறது, ராத்திரி இரண்டு மணி வரை தூக்கமில்லை என்று எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

உதவியது, "முழு நிசப்தத்தில் படுக்காதீர்கள்" என்ற யோசனைதான். அதுவரை காதில் பஞ்சு வைத்துப் படுத்தேன், சத்தம் இன்னும் பெரிதாகத்தான் கேட்டது. இப்போது டேபிள் ஃபேனைச் சுவர் பக்கம் திருப்பி வைத்து, போனில் மழைச் சத்தமும் போடுகிறேன். முதலில் இரைச்சலை அமுக்கிவிடும் அளவுக்குச் சத்தமாக வைத்துத் தூக்கம் கெட்டதுதான் மிச்சம். இரைச்சலைவிடக் கொஞ்சம் குறைவாக, இரண்டும் சேர்ந்து கேட்கிற மாதிரி வையுங்கள் என்று ஒருவர் சொன்னதுதான் சரி. மூன்றாவது வாரத்தில்தான் வித்தியாசம் தெரிந்தது.

எதிர்பாராத விஷயம்: காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்தார், அழுக்கு அடைப்பு இல்லை. செவித்திறன் சோதனை வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் (கீச்சென்ற சத்தம்) பக்கம் இரண்டு காதிலும் கோடு பள்ளமாக இறங்கியிருந்தது, அதாவது அந்தச் சத்தம் சரியாகக் கேட்கவில்லை. 14 வருடம் விசைத்தறிக் கூடத்தில் வேலை, வெளிச் சத்தத்தால் வரும் காது பாதிப்பு பெரும்பாலும் அந்த 4000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் தொடங்குமாம். இப்போது தறி ஓடும்போது காதுறை போடுகிறேன்.

சத்தம் போகவில்லை, ஆனால் பதினொன்றரைக்குள் தூங்கிவிடுகிறேன். அப்புறம், ஒரு காதில் மட்டும் கேட்டாலோ நாடித் துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ இதையெல்லாம் முயன்று பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.