அப்பாவின் வைண்டிங் நோட்டுகளை என்ன செய்யலாம்?

அன்னூர்ப் பொண்ணு:
வணக்கமுங்க. அப்பா தவறி ரெண்டு மாசம் ஆகிறது. கருகிய மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கிற வைண்டிங் பட்டறை வைத்திருந்தார், இந்தப் பக்கம் சிலோன் மெக்கானிக் என்றால்தான் தெரியும். பிறந்தது இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். டீ ஃபேக்டரியில் ரோலர் மிஷினுக்கு எண்ணெய் விடுகிற பையனாகச் சேர்ந்து ஃபிட்டர் வேலை பழகியவர். 1972இல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், கோத்தகிரி, அப்புறம் மலையிறங்கி இங்கே. அப்போது வயது பதினேழு. இதற்கு மேல் அவர் சொன்னதில்லை. கேட்டால் "அதெல்லாம் எதுக்கு சாமி" என்று ஸ்டேட்டரை, அதான் மோட்டாரில் கம்பி சுற்றுகிற கூட்டை, கையில் எடுத்துக்கொள்வார்.

பட்டறையை ஒதுக்கும்போது ஒன்பது நீள நோட்டு கிடைத்தது. 1981இலிருந்து 2019 வரை. ஒவ்வொரு வரியிலும் தோட்டத்துப் பேர், ஹெச்.பி., ஸ்லாட் (காயில் இறங்குகிற பள்ளம்), சுற்று, கம்பி கேஜ் (தடிமன்), கூலி, கடைசியில் சிவப்பு மையில் "ஒ.பே" அல்லது "த.இ". பழைய பேப்பர்காரர் எடைக்குக் கேட்கிறார், எனக்கு மனசு வரவில்லை. அந்தச் சிவப்பு எழுத்து என்னவென்று யாருக்காவது தெரியுமா? என் பிள்ளைகளுக்காக அப்பாவைப் பற்றி எழுதி வைக்க வேண்டும், எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.

கிணத்துக்கடவு வைண்டர்:
எடைக்குப் போட்டுவிடாதீங்க அக்கா. "ஒ.பே" என்றால் ஒரு பேஸ். மோட்டாருக்கு வருகிற மூணு பேஸ் கரண்டில் ஒண்ணு போய் மீதி ரெண்டில் மோட்டார் ஓடினால் கருகிவிடும். ஸ்டார் கனெக்‌ஷன் (மூணு காயிலின் ஒரு முனையை ஒன்றாகச் சேர்த்தது) மோட்டாரைப் பிரித்தால் ரெண்டு பேஸ் காயில் கரியாகவும் மூணாவது வார்னிஷ் மினுமினுப்போடும் இருக்கும், பார்த்ததுமே சொல்லிவிடலாம். "த.இ" தண்ணி இல்லை என்பதாகத்தான் இருக்கணும். தண்ணிக்குள் மூழ்கி ஓடுகிற சப்மெர்சிபிள் மோட்டாருக்குச் சூடு தணிய தண்ணீர்தான் ஒரே வழி, போர்வெல்லில் தண்ணி மட்டம் இறங்கினது தெரியாமல் ஓடவிட்டால் காயில் போச்சு. 2003, 2017 வறட்சி வருஷப் பக்கங்களைப் பாருங்க, சிவப்பு நிறைய இருக்கும்.

பட்டறைகளில் கருகினதை வெட்டி எடுத்து, சுற்று எண்ணி, புதுசு கட்டி அனுப்பிவிடுவோம். ஏன் கருகியது என்று முப்பத்தெட்டு வருஷம் எழுதி வைத்த ஆளை நான் பார்த்ததில்லை. பேர்ப்பலகை அழிந்த பழைய மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருப்பது) வந்தால், அதுவும் முன்னால் ஒருத்தர் தப்பான கேஜில் கட்டியிருந்தால், சுற்றுக் கணக்குக்கு நாங்கள் திண்டாடுகிறோம். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இங்கே போட முடியுமா?

கோத்தகிரிப் பேரன்:
எங்க தாத்தாவும் அப்படித்தான், வாயே திறக்க மாட்டார். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டத்தில் தோட்டத் தமிழர்கள் பிறந்த மண்ணிலேயே நாடில்லாதவர் ஆனார்கள். 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கேயே என்று பிரித்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் தாத்தா இந்தப் பக்கம், அவருடைய அக்கா அந்தப் பக்கம். கடைசிவரை பார்த்துக்கொள்ளவே இல்லை. பெட்டியின் அடியில், இலங்கையிலிருந்து வந்தபோது கொடுத்த குடும்ப அட்டை இருக்கிறதா என்று தேடுங்கள் அக்கா. எங்களுடையதில் தேயிலைத் தோட்டத்தின் பேர் இருந்தது, அதைப் பிடித்துத்தான் தாத்தாவின் கதையைத் தேடத் தொடங்கினேன்.

அவிநாசித் தோட்டம்:
அம்மணி, உங்க அப்பாவை எனக்குத் தெரியும். அஞ்சு ஏக்கர் வாழை, குலை தள்ளுகிற நேரம், மோட்டார் நின்றுபோச்சு. ராத்திரி பத்து மணிக்கு டிவிஎஸ் 50 கேரியரில் ஸ்டேட்டரைக் கட்டிக்கொண்டு போனார். மூணாம் நாள் விடியறதுக்கு முன்னால் வந்து மாட்டி ஓடவிட்டு, ஸ்க்ரூடிரைவர் முனையை பேரிங் மூடியில் வைத்து, பிடியைக் காதுக்குள் வைத்துக் கண்ணை மூடி நின்றார். நாங்களும் பேசாமல் நின்றோம். ரொம்ப நேரம் கழித்து "பின்பக்க பேரிங் இன்னொரு வெள்ளாமை தாங்காது, இப்பவே மாத்திக்கலாங்களா" என்றார். நான் வேண்டாம் என்றேன். அடுத்த சித்திரையில் அது போனது. ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை, வந்து மாற்றிக் கொடுத்தார்.

காயில் வெளியே வராமல் இருக்க ஸ்லாட்டில் மூங்கில் குச்சி அடிப்பாரே, அதைக்கூட எங்கள் திண்ணையில் உட்கார்ந்து அவரேதான் சீவுவார். சிலாம்பு இருக்கக் கூடாது என்று கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பார்.

அன்னூர்ப் பொண்ணு:
படித்துவிட்டு ரொம்ப நேரம் எழுத முடியலைங்க. கன்னத்தில் அந்தக் கீறல்கள் இருக்கும், சவரம் செய்யும்போது பட்டது என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

2017 பக்கங்களைப் பார்த்தேன் தம்பி, மார்ச்சிலிருந்து வரிசையாக "த.இ". பல வரிகளில் கூலி எழுதும் இடம் காலி. குடும்ப அட்டை கிடைத்தது, அவருடைய எண்ணெய்க் குப்பியோடு ஒரே துணியில் சுற்றி வைத்திருக்கிறார். தோட்டத்துப் பேரும் அதில் இருக்கிறது. ஞாயிறு காலை பட்டறையைத் திறந்து வைக்கிறேன். நோட்டுகளைப் படம் எடுக்க ஒரு கை உதவி வேண்டும், வர முடிந்தவர்கள் வாங்க. அண்ணா, நீங்களும் வந்தால் அந்த வாழை வருஷத்து வரியைத் தேடிப் பார்க்கலாம்.