ரோரியில் மைய மரபணு வெறும் 17. எந்த அமைப்பை மாற்ற வேண்டும்? (அவசரம்)

கெண்டை_14 | திங்கள், இரவு 11.40
வணக்கம். நோயுற்ற மீன்களிலிருந்து எடுத்த பாக்டீரியாக்களின் ஜீனோம்களை (முழு மரபுத்தொகுதிகளை) ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். எந்த மரபணு எத்தனை ஜீனோம்களில் இருக்கிறது என்று கணக்கிடும் ரோரி மென்பொருள் ஓடி முடிந்தது. மைய மரபணுக்கள், அதாவது எல்லாவற்றுக்கும் பொதுவானவை, 17 என்கிறது. பதினேழாயிரம் அல்ல, பதினேழு! கட்டுரைகளில் எல்லோருக்கும் ஆயிரக்கணக்கில் வருகிறது. மூன்று முறை ஓட்டிவிட்டேன், அதே விடைதான். வியாழக்கிழமை வழிகாட்டியிடம் காட்ட வேண்டும். உதவுங்கள்.

அகர்த்தட்டு | திங்கள், இரவு 11.52
எந்த மீன்? எந்தப் பாக்டீரியா? எத்தனை ஜீனோம்? சிறுநீரகத்திலிருந்து எடுத்ததா, தோல் புண்ணிலிருந்து எடுத்ததா? ஒன்றும் சொல்லாமல் கேட்டால் நாங்கள் சோழி உருட்டித்தான் பார்க்க வேண்டும்.

கட்டளைவரி | செவ்வாய், காலை 6.15
சோழி வேண்டாம். இது மரபணுக் குறிப்புகளில் உள்ள கோளாறு. சில ஜீனோம்களைப் பொதுத் தரவுத்தளத்திலிருந்து குறிப்புகளோடு இறக்கியிருப்பீர்கள், மற்றவற்றுக்கு, மரபணுக்கள் எங்கெங்கே என்று குறிக்கும் புரோக்கா கருவியை ஓட்டியிருப்பீர்கள். ஒரே மரபணுவின் தொடக்கத்தை இரண்டும் வெவ்வேறு இடத்தில் குறிக்கும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரே பதிப்புப் புரோக்காவை எல்லாவற்றுக்கும் ஓட்டுங்கள். இதை நான் எத்தனையாவது முறை எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

செதிள் | செவ்வாய், காலை 7.02
ரோரி இயல்பாக 95 விழுக்காடு புரத ஒற்றுமையை எதிர்பார்க்கும். அதை 70க்கு இறக்கிப் பாருங்கள். எனக்கு அப்படித்தான் சரியாயிற்று.

பழையவலை | செவ்வாய், காலை 7.30
எண் பிடிக்காவிட்டால் அளவுகோலை வளைத்துவிடுவதா, செதிள்? நன்றாக இருக்கிறது. தம்பி, ஜீனோம் ஒப்பீட்டில் இறங்கும் முன் கையில் இருப்பது என்ன இனம் என்று பார்த்துக்கொள்வது எங்கள் காலத்து வழக்கம். இப்போது கட்டளையைத் தட்டிவிட்டுப் பிறகு இங்கே வந்து அழுகிறார்கள்.

கெண்டை_14 | செவ்வாய், காலை 9.10
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா. எங்கள் வளர்ப்புகள் 14, இறக்கிய ஜீனோம்கள் 6, ஆக மொத்தம் 20. எல்லாவற்றுக்கும் ஒரே பதிப்புப் புரோக்காவைத்தான் ஓட்டினேன். ஜிசி அளவு (டிஎன்ஏவில் ஜி, சி காரங்களின் பங்கு) எல்லாவற்றிலும் 60 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது, அதனால் மாசு இல்லை.
பழையவலை ஐயா, நான் தம்பி அல்ல.

பழையவலை | செவ்வாய், காலை 9.14
சரி, தங்கையே. ஹைட்ரோஃபிலா என்று யார் சொன்னது?

கெண்டை_14 | செவ்வாய், காலை 9.31
ஆய்வகப் பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது. மூன்று வளர்ப்புகளுக்கு 16எஸ் மரபணு பார்த்தார்கள். மீதிப் பதினொன்றும் வளர்ப்புத் தட்டில் அதே போலத் தெரிந்தனவாம்.

அகர்த்தட்டு | செவ்வாய், காலை 9.40
“அதே போலத் தெரிந்தனவாம்”! ஏரோமோனாஸுக்குள் இனம் பிரிக்க 16எஸ் போதாது, ஜைர்பி அல்லது ஆர்பிஓடி மரபணுவைப் பார்க்க வேண்டும். அது கிடக்கட்டும், கண்ணால் பார்த்தா பெயர் வைத்தீர்கள்? கலப்பு வளர்ப்பாக இருக்கும். ஒரே தட்டில் இரண்டு பாக்டீரியா. தனிக் காலனி எடுத்து மறுபடி வளருங்கள்.

வண்டல் | செவ்வாய், மாலை 4.20
கலப்பாக இருந்தால் மையம் சுருங்காது. ஏரோமோனாஸ் மரபணுக்கள் அந்தக் கோப்பிலும் இருக்கத்தானே செய்யும்? கூடுதல் மரபணுக்களின் பட்டியல்தான் வீங்கும், ஜீனோம் அளவும் எகிறும்.
கெண்டை, சுருக்கக் கோப்பின் முதல் வரியை மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு அடுத்த வரியில் என்ன எண்?

கெண்டை_14 | செவ்வாய், மாலை 4.33
மென்மையம் என்று ஒன்று இருக்கிறது. 3,108. அதை நான் கவனிக்கவே இல்லை.

வண்டல் | செவ்வாய், மாலை 4.51
விடை அங்கேதான் இருக்கிறது. மையம் என்றால் 99 விழுக்காடு ஜீனோம்களிலாவது இருக்க வேண்டும். 20இல் 99 விழுக்காடு 19.8, அதாவது இருபதிலும் இருந்தாக வேண்டும். மென்மையம் 95 முதல் 99 வரை. உங்களிடம் 20 மட்டுமே இருப்பதால் அதற்குச் சரியாகப் பத்தொன்பது என்று பொருள். ஆக, 3,108 மரபணுக்கள் பத்தொன்பது ஜீனோம்களில் இருக்கின்றன, ஒன்றில் இல்லை. ஒவ்வொரு மரபணுவிலும் வேறு வேறு ஜீனோம் தவறியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒரே ஆள்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறார். ஜீனோம்களின் ஒற்றுமையை விழுக்காட்டில் அளக்கும் ஃபாஸ்ட்-ஏஎன்ஐ கருவியில் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். ஒரே இனமாக இருந்தால் 95, 96க்கு மேல் வரும்.

கெண்டை_14 | செவ்வாய், இரவு 8.05
ஓட்டினேன். ஆனால் கருவி பாதியில் நின்றுவிட்டது போலிருக்கிறது. எங்கள் 11ஆம் எண் வளர்ப்புக்கு மற்றவற்றோடு ஒப்பிட்ட வரிகளே இல்லை. மறுபடி நிறுவட்டுமா?

பழையவலை | செவ்வாய், இரவு 8.09
நிற்கவில்லை. 80 விழுக்காட்டுக்கு மிகவும் கீழே போனால் அது எதையும் அச்சிடாது. அந்த வெறுமைதான் விடை. 11இன் நீளம் என்ன?

கெண்டை_14 | செவ்வாய், இரவு 8.22
38 லட்சம் காரங்கள். மற்றவை எல்லாம் 48 லட்சத்தை ஒட்டி. அடடா. பொதுத் தரவுத்தளத்தில் தேடினால் எட்வர்ட்சியெல்லா டார்டா என்று வேறொரு பாக்டீரியா வருகிறது.

அகர்த்தட்டு | செவ்வாய், இரவு 8.30
அதற்கும் ஜிசி 60ஐ ஒட்டித்தான், அதனால்தான் உங்கள் சோதனையில் தப்பிவிட்டது. ஆக்சிடேஸ் தாள் சோதனை பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். ஏரோமோனாஸ் நிறம் மாற்றும், எட்வர்ட்சியெல்லா மாற்றாது. கணினியை மூன்று முறை ஓட விட்டவர்களுக்கு ஒரு தாள் துண்டு கிடைக்கவில்லை.

பழையவலை | செவ்வாய், இரவு 8.41
டார்டா என்று எழுதிக் கொண்டுபோய் நிற்காதீர்கள். மீனிலிருந்து எடுத்துப் பல்லாண்டுகளாக டார்டா என்று அழைத்தவற்றில் பெரும்பகுதியை 2013இல் பிசிசிடா என்ற தனி இனமாகப் பிரித்துவிட்டார்கள். 2015இல் அங்குயில்லாரம் என்று இன்னொரு இனம் வந்தது. தரவுத்தளத்தில் பழைய பெயரோடு கிடப்பவை ஏராளம்.

செதிள் | செவ்வாய், இரவு 9.15
ஆளாளுக்குப் பெயர் மாற்றிக்கொண்டே இருங்கள். இன்னொரு மீன் நோய்ப் பாக்டீரியாவான ஃப்ளேவோபாக்டீரியம் கொலம்னாரேயை 2022இல் நான்கு இனங்களாக உடைத்தார்கள். செத்த மீன் என்ன பெயரைக் கேட்டா செத்தது?

கட்டளைவரி | செவ்வாய், இரவு 9.28
மீன் கேட்காது, தடுப்பூசி கேட்கும். எந்த வகைக்குச் செய்தோம் என்பதைப் பொறுத்துத்தானே அது வேலை செய்யும்? 2009இல் அலபாமா கெளுத்திப் பண்ணைகளில் கொத்துக்கொத்தாக மீன்கள் செத்தபோதும் “ஏரோமோனாஸ்தானே, தண்ணீரில் எப்போதும் இருப்பதுதானே” என்று விட்டிருக்கலாம். ஜீனோம்களை ஒப்பிட்டதால்தான் அது ஐனோசிடால் என்ற சர்க்கரை ஆல்கஹாலை உணவாக்கக்கூடிய தனிக் கிளை என்றும், ஆசியக் கெண்டையில் கிடைத்த திரிபுக்கு நெருங்கிய உறவு என்றும் தெரிந்தது.

செதிள் | செவ்வாய், இரவு 9.36
அது திரிபைப் பிரித்தது. நான் பேசுவது பெயரைப் பற்றி. இரண்டையும் குழப்பாதீர்கள்.

பழையவலை | செவ்வாய், இரவு 9.37
70 விழுக்காட்டுக்கு இறக்கச் சொன்னவர் குழப்பத்தைப் பற்றிப் பேசுகிறார்.

செதிள் | செவ்வாய், இரவு 9.39
அதை விடவே மாட்டீர்களா?

கெண்டை_14 | வெள்ளி, காலை 10.02
11ஐ நீக்கிவிட்டு ஓட்டினேன். மையம் 3,119. வழிகாட்டிக்குத் திருப்தி. எல்லோருக்கும் நன்றி.

அகர்த்தட்டு | வெள்ளி, காலை 10.20
நீக்கினீர்கள், சரி. ஆனால் அது எந்த மீனின் எந்த உறுப்பிலிருந்து வந்தது? முதல் நாளே கேட்டேன். மற்ற பதின்மூன்றும் தோல் புண்ணிலிருந்தும் இது மட்டும் சிறுநீரகத்திலிருந்தும் வந்திருந்தால், மீனைக் கொன்றதை எறிந்துவிட்டு, புண்ணில் பிறகு வந்து குடியேறியதை ஆராய்ந்துகொண்டிருக்கிறீர்கள்.

வண்டல் | சனி, மாலை 6.44
நானும் அதைத்தான் கேட்க வந்தேன். 11இன் குழாய் உறைபெட்டியில் இன்னும் இருக்கிறதா?

அகர்த்தட்டு | அடுத்த வியாழன், மதியம் 1.15
கெண்டை?