எல்.இ.டி. இண்டிகேட்டர்: இடது பக்கம் போட்டால் நான்கும் சிமிட்டுகின்றன

தண்டையார்ப்பேட்டை வண்டிக்காரன்

பழைய 100 சிசி வண்டி. லாரி உரசிப் பின் இண்டிகேட்டர் உடைந்ததால், புதுப்பேட்டையில் நான்கு எல்.இ.டி. இண்டிகேட்டர்கள் வாங்கி நானே மாட்டினேன். ரப்பர் தண்டு, சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர்கள். விளக்கைச் சிமிட்ட வைக்கும் பிளாஷர் பழையதுதான்.

இப்போது சிமிட்டல் தறிகெட்டு ஓடுகிறது. இடது பக்கம் போட்டால் வலது பக்கமும் மங்கலாகச் சேர்ந்துகொள்கிறது. மீட்டரில் இரு பக்கத்துக்கும் ஒரே பச்சை விளக்கு. இது போதாதென்று பின் வலது விளக்கு இஷ்டப்பட்டால் எரிகிறது, இல்லாவிட்டால் இல்லை. இரவில் எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போகிறவன் நான். எங்கிருந்து தொடங்குவது?

பெரம்பூர் வாசகன்

பக்கத்துக்கு ஒரு லோடு ரெசிஸ்டர், அதாவது பழைய பல்பு அளவுக்கு மின்சாரம் இழுக்கும் மின்தடை, போடுங்கள். என் வண்டியில் போட்டிருக்கிறேன், நன்றாக ஓடுகிறது.

திருவொற்றியூர் வயரிங் கடை

ரெசிஸ்டர் போட்டால் வேகமும் அடங்கும், நான்கும் சிமிட்டுவதும் நிற்கும், பொய்யில்லை. ஆனால் 10 வாட் பல்பை எடுத்துவிட்டு அதே 10 வாட்டைச் சூடாக எரிக்க எதற்கு எல்.இ.டி.? அந்த ரெசிஸ்டரை வயர்க் கட்டோடு சேர்த்து டேப் சுற்றி, இன்சுலேஷன் உருகிய நிலையில் என் கடைக்கு வருகிறார்கள். போட்டே தீர வேண்டுமென்றால் இரும்புச் சட்டத்தில் திருகி வையுங்கள்.

தம்பி, பழைய பிளாஷர் மின்னோட்டத்தைப் பார்த்து வேலை செய்கிறது. பக்கத்துக்கு இரண்டு 10 வாட் பல்பு என்றால் ஏறக்குறைய 1.7 ஆம்பியர். எல்.இ.டி. அதில் சிறு பங்குதான் இழுக்கும். ஒரு பல்பு போய்விட்டது என்று நினைத்துப் பிளாஷர் அவசரப்படுகிறது. எல்.இ.டி.க்கான எலெக்ட்ரானிக் பிளாஷர் வாங்கி மாட்டுங்கள், வேகம் சரியாகும்.

நான்கும் சிமிட்டுவது வேறு கதை. உங்கள் பச்சை விளக்கின் ஒரு முனை இடது வயரிலும் மறு முனை வலது வயரிலும் இருக்கிறது. இடது பக்கம் மின்சாரம் வந்தால், அது பச்சை விளக்கு வழியாக வலது பல்புகளுக்குள் புகுந்து எர்த்துக்கு, அதாவது சட்டம் வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்கு, போகும். அந்தச் சிறு மின்னோட்டத்துக்குப் பழைய பல்பின் இழை சிவக்கக்கூடச் செய்யாது, எல்.இ.டி.க்கு அதுவே விருந்து. பிளாஷரை மட்டும் மாற்றினால் இது போகாது. ரிச்சி தெருவில், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4007 டயோடு இரண்டு வாங்குங்கள். இடது வயரிலிருந்து ஒன்று, வலது வயரிலிருந்து ஒன்று. வெள்ளிக் கோடு உள்ள முனைகள் இரண்டையும் சேர்த்துப் பச்சை விளக்கின் ஒரு காலில் கொடுங்கள். மறு காலை எர்த்தில் கொடுங்கள். ஈயம் வைத்துப் பற்றவைத்து ஸ்லீவ் போடுங்கள். முறுக்கி டேப் சுற்றுவது வேலையே அல்ல.

பின் வலதுக்கு என் சந்தேகம் எர்த் மீதுதான். பழைய இண்டிகேட்டருக்கு இரும்புத் தண்டே எர்த். ரப்பர் தண்டுக்கு அந்தக் கறுப்பு வயரைத் தவிர வேறு வழி கிடையாது. அதை மட்கார்டு போல்ட்டில் பெயின்ட் மேலேயே முடுக்கியிருப்பீர்கள். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உப்புக்காற்றில் அந்த இடம் பச்சை பூத்துவிடும். பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு வயரை இழுத்து, விளக்கின் கறுப்பு வயரில் தொட்டுப் பாருங்கள். உடனே எரிந்தால் எர்த்தான் குற்றவாளி. போல்ட்டைச் சுரண்டிக்கொண்டு நிற்க வேண்டாம். எர்த் வயரைச் சட்டத்தின் மெயின் எர்த் வரை கொண்டுபோய்விடுங்கள்.

பெரம்பூர் வாசகன்

டயோடு யோசனை நன்று, ஐயா. வயர் நிறம் தெரியாமல் தடுமாறுகிறவர்களுக்கு: ஹோண்டா வழி வண்டிகளில் பெரும்பாலும் ஆரஞ்சு இடது, வெளிர்நீலம் வலது, பச்சை எர்த். கறுப்புதான் எர்த் என்று கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தால் ஃப்யூஸ் போகும். அந்த வண்டிகளில் கறுப்பு, சாவி போட்டதும் மின்சாரம் வரும் வயர்.

தண்டையார்ப்பேட்டை வண்டிக்காரன்

பின் வலது எர்த்தேதான்; தனி வயர் இழுத்ததும் சரியாகிவிட்டது. டயோடும் போட்டேன், இடது இடதாகவே நிற்கிறது. ஆனால் புதிய இரண்டு கால் பிளாஷரை மாட்டியதும் சிமிட்டலே இல்லை. அண்ணா, பிளாஷரே கெட்டதா?

திருவொற்றியூர் வயரிங் கடை

கடைக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன் அதன் அடியில் பாருங்கள். ‘பி’ என்றிருக்கும் காலில் பேட்டரி வயர், ‘எல்’ காலில் ஸ்விட்சுக்குப் போகும் வயர். பழைய பிளாஷரில் எப்படிச் செருகினாலும் ஓடியிருக்கலாம், இதில் நடக்காது. பிளாஷரைச் செருகும் கப்ளரில் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கும்; வயர் முனையிலுள்ள பின்னை வெளியே எடுத்து மாற்றிச் செருகுங்கள். சிமிட்ட ஆரம்பித்ததும் எண்ணிப் பாருங்கள், நிமிடத்துக்கு 60 முதல் 120க்குள் இருக்க வேண்டும். புதுப்பேட்டையில் நீல நிறத்தில் சிமிட்டுவதையும் தலையில் கட்டுவார்கள், உங்களுடையது மஞ்சள்தானே?

தண்டையார்ப்பேட்டை வண்டிக்காரன்

மஞ்சள்தான், அண்ணா. பின்னை மாற்றினேன், சிமிட்டுகிறது. எண்ணினால் 80 சொச்சம் வருகிறது.