போனில் ஓடும் நேரலை டிவிக்கு அனுப்பினால் ஓடவில்லை (ஜெர்மனி)

ஸ்டுட்கார்ட்_மகள்:
அப்பாவும் அம்மாவும் மூன்று மாத விசாவில் வந்திருக்கிறார்கள். ஊரில் ஆண்டுச் சந்தா கட்டியிருந்த ஒரு சேனல் ஆப்பை இங்கே டிவியில் திறந்தால் லாகின் ஆகிறது, பட்டியலும் வருகிறது. நேரலையைத் தொட்டால் மட்டும் 'உங்கள் பகுதியில் கிடைக்காது' என்று நின்றுவிடுகிறது. வேறு நாட்டிலிருந்து இணையத்துக்கு வருவதுபோலக் காட்டும் விபிஎன் ஆப்பைக் காசு கொடுத்து வாங்கி, இந்தியா என்று வைத்தேன். போனில் ஓடுகிறது. அதையே டிவியில் செருகியிருக்கும் குரோம்காஸ்ட் கருவி வழியாக டிவிக்கு அனுப்பினால் மறுபடி அதே செய்தி. இரண்டும் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றன. என்ன காரணம்? அம்மாவுக்கு இரவு எட்டு மணி சீரியல், அப்பாவுக்குச் செய்தி, அவ்வளவுதான் தேவை. ஊரிலிருந்து வரும் தம்பியிடம் டிடிஎச் பெட்டியைக் கொடுத்தனுப்பச் சொல்லலாமா என்று அப்பா கேட்கிறார்.

கேபிள்காரன்:
காஸ்ட் செய்யும்போது போன் படத்தை அனுப்புவதில்லைங்க. படம் எந்த முகவரியில் இருக்கிறது என்று மட்டும் குரோம்காஸ்டிடம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதன்பிறகு படத்தை இழுப்பது குரோம்காஸ்ட்தான். விபிஎன் இருப்பது போனில் மட்டும் என்பதால் குரோம்காஸ்ட் உங்கள் ஜெர்மன் ஐபி முகவரியோடு (எந்த நாட்டு இணைப்பு என்று காட்டிக்கொடுக்கும் எண்) போய் நிற்கிறது, அங்கே கதவைச் சாத்திவிடுகிறார்கள். டிவி ஆண்ட்ராய்டு டிவியாக இருந்தால் விபிஎன் ஆப்பை அதிலேயே போடலாம். ரௌட்டரில் போட்டால் வீட்டில் எல்லாமே இந்தியா வழியாகச் சுற்றும், உங்கள் ஆபீஸ் வேலை உட்பட. அவசரத்துக்கு லேப்டாப்பில் விபிஎன் போட்டு எச்டிஎம்ஐ கேபிளில் டிவிக்குக் கொடுங்கள்.

டிடிஎச் பெட்டி வேண்டவே வேண்டாம். நம் ஊர் டிடிஎச் அலைவரிசைகள் இந்தியாவை நோக்கித்தான் வீசப்படுகின்றன. அதுவும் போக, தூர்தர்ஷனின் இலவச டிடிஎச் ஆன டிடி ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் நிற்பது 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில். ஸ்டுட்கார்ட் 9 டிகிரி சொச்சம். அங்கிருந்து பார்த்தால் அந்தச் செயற்கைக்கோள் அடிவானத்துக்குக் கீழே இருக்கிறது. எவ்வளவு பெரிய டிஷ் வைத்தாலும் மண்ணைத்தான் பார்க்கும்.

டோர்ட்முண்ட்_அண்ணா:
தங்கச்சி, இவ்வளவு கரைச்சல் ஏன்? இங்கே கடைகளில் ஒரு பெட்டி விற்கிறார்கள். ஒருமுறை காசு கொடுத்தால் எல்லாத் தமிழ்ச் சேனலும் வரும்.

வாசகன்77:
அண்ணா, அந்தப் பெட்டியைச் சொல்லாதீர்கள். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017 ஏப்ரலில் ஃபில்ம்ஸ்பெலர் வழக்கில், உரிமம் இல்லாத சேனல்களைக் காட்டும் இப்படிப்பட்ட பெட்டியை விற்பதே பதிப்புரிமை மீறல் என்று சொல்லிவிட்டது. உரிமம் இல்லாத இடத்திலிருந்து வருவதைப் பார்ப்பதையும் விதிவிலக்காக ஏற்கவில்லை. சர்வரை ஒரு நாள் மூடினால் விற்ற கடைக்காரர் போனை எடுக்க மாட்டார், அது தனிக் கதை.

விபிஎன்னையும் நம்பி இருக்காதீர்கள். 2022 ஏப்ரலில் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், விபிஎன் நிறுவனங்கள் பயனர் விவரங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டதும் எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க் எல்லாம் இந்தியாவில் இருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. அவற்றில் 'இந்தியா' என்று தெரிவது வெளிநாட்டில் இருக்கும் சர்வர், ஐபி முகவரி மட்டும் இந்தியாவுடையது. அத்தகைய முகவரிகளைச் சேனல்காரர்கள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து மூடுகிறார்கள். இன்று ஓடும், நாளை மறுநாள் நிற்கும். சந்தா விதிகளுக்கும் பொதுவாக இது விரோதம்.

என்னைக் கேட்டால் வெளிநாட்டுச் சந்தாவே நிம்மதி. படம், கிரிக்கெட் எல்லாவற்றுக்கும் உரிமத்தை நாடு நாடாகப் பிரித்துத்தான் விற்கிறார்கள். அதனால்தான் ஊரில் கட்டிய சந்தா இங்கே செல்லவில்லை. அதே ஆப்புக்கு ஐரோப்பியத் திட்டம் இருக்கிறதா என்று விபிஎன்னை அணைத்துவிட்டுப் பாருங்கள். இந்திய மொபைல் எண்ணில் தொடங்கிய கணக்கை விட்டுவிட்டு, வேறு மின்னஞ்சலில் புதுக் கணக்குத் தொடங்கி, ஜெர்மன் அட்டையில் கட்டுங்கள். விலை ஊரைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். இல்லாவிட்டால் யப் டிவி போல வெளிநாட்டில் இருப்பவர்களுக்கென்றே நடத்தும் சேவைகளைப் பாருங்கள். கட்டும் முன் அம்மாவின் சேனல் அந்தத் தொகுப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அப்பாவுக்குக் காசே வேண்டாம். புதிய தலைமுறை, தந்தி டிவி, பாலிமர் நியூஸ் எல்லாம் யூடியூபிலேயே நேரலையாக ஓடுகின்றன. விபிஎன் தேவையில்லை, காஸ்ட்டும் சிக்கலில்லாமல் வேலை செய்யும்.

ஸ்டுட்கார்ட்_மகள்:
எல்லாருக்கும் நன்றி. லேப்டாப் கேபிள் வழி முதல் நாள் ஓடியது, அடுத்த நாள் வாசகன் சொன்ன மாதிரியே நின்றுவிட்டது. அப்புறம் புது மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கி வெளிநாட்டுத் திட்டத்தில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டினேன். டிவி ஆப்பிலேயே நேரலை வருகிறது. அப்பா யூடியூபில் விவாத நிகழ்ச்சியைப் பிடித்துக்கொண்டார், ரிமோட் இப்போது அவரிடம்தான்.

ஒரே ஒரு விஷயம். எட்டு மணி சீரியல் இங்கே மாலை நாலரைக்கே வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் அம்மா பேரனைக் கூப்பிடப் பள்ளிக்குப் போகிறார். என்ன செய்யலாம்?

கேபிள்காரன்:
அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் அது மூன்றரை மணிக்கு வரும், அப்போது பார்த்துவிட்டே கிளம்பலாம். அதுவரை ஆப்பில் சேனல் பெயருக்குள் போய் பழைய எபிசோடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்படியே, விபிஎன்னை எப்போது வாங்கினீர்கள்? பல நிறுவனங்கள் 30 நாளுக்குள் ரத்து செய்தால் பணத்தைத் திருப்பித் தருகின்றன. இன்றைக்கே எழுதிப் போடுங்கள்.